ஸ்கேனில் பனிக்குட நீர் குறைவு என்றார்கள், என்ன சாப்பிடக் கொடுக்கலாம்?

கேட்டவர் மதுரைக்காரர். அவருடைய தங்கைக்கு இப்போது 32 வாரம். போன வாரம் எடுத்த ஸ்கேனில் பனிக்குட நீரின் அளவு, அதாவது ஏஎஃப்ஐ, 7 என்று வந்திருக்கிறது. "தண்ணீர் நிறையக் குடிம்மா, பத்து நாள் கழித்து மறுபடி பார்க்கலாம்" என்று மருத்துவர் அனுப்பிவிட்டார். அன்றிலிருந்து வீட்டில் தினம் மூன்று இளநீர், பார்லி கஞ்சி, சாத்துக்குடி ஜூஸ், மாமியார் கையால் முருங்கைக்கீரை சூப். பக்கத்து வீட்டு அக்கா ஏதோ புரதப் பவுடர் வாங்கச் சொல்கிறாராம். "எதைச் சாப்பிட்டால் தண்ணீர் ஏறும், எதை நிறுத்த வேண்டும்?" இதுதான் கேள்வி.

முதலில் நேரான பதில். உங்கள் தங்கை இதுவரை தண்ணீர் குறைவாகக் குடித்துக்கொண்டிருந்தால், சாதாரணத் தண்ணீரே பலன் தரும். சில நாளில்கூட இல்லை, சில மணி நேரத்திலேயே தரும். உணவு வேறு வேலையைச் செய்கிறது. அது அம்மாவின் ரத்தத்தையும் குழந்தையின் எடையையும் கவனித்துக்கொள்கிறது, பனிக்குடத்தை நேராகப் போய் நிரப்புவதில்லை. அப்புறம், நீர் குறைந்ததற்குக் காரணம் வேறாக இருந்தால், இளநீர்க் குலையையே வெட்டி இறக்கினாலும் அது சரியாகாது. மகப்பேறு வார்டில் உணவு ஆலோசகராக 19 வருடம் இருந்திருக்கிறேன். சாப்பாட்டைப் பற்றிச் சொல்வதுதான் என் வேலை. ஆனாலும் இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் சாப்பாட்டை விட்டுக் கொஞ்சம் தள்ளித்தான் பேச்சைத் தொடங்குவேன்.

பனிக்குட நீர் என்பது என்ன? முதல் இரண்டு மூன்று மாதங்களில் அது பெரும்பாலும் தாயின் ரத்தத்திலிருந்து கசிந்து வரும் நீர். பத்து, பதினோரு வாரத்தில் குழந்தையின் சிறுநீரகம் வேலை செய்யத் தொடங்குகிறது. ஐந்தாம் மாதத்துக்கு மேல் பனிக்குடத்தில் இருப்பதில் பெரும்பகுதி குழந்தை பெய்த சிறுநீர்தான். நுரையீரலிலிருந்து வரும் நீரும் கொஞ்சம் சேரும். குழந்தை அதையே விழுங்கும், மறுபடி பெய்யும். நிறைமாதத்தில் ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் இப்படிச் சுற்றி வருகிறது. கேட்டால் சிலர் முகம் சுளிப்பார்கள். ஆனால் இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். குழந்தை நன்றாகச் சிறுநீர் கழிக்க வேண்டுமானால் அதன் சிறுநீரகத்துக்கு ரத்தம் நன்றாகப் போக வேண்டும். அந்த ரத்தம் நஞ்சுக்கொடி வழியாக வருகிறது. நஞ்சுக்கொடிக்குத் தாயின் ரத்தம் தாராளமாக வந்து சேர வேண்டும். அதோடு பையில் ஓட்டையும் இருக்கக் கூடாது. இந்தச் சங்கிலியில் எங்கே அறுந்தாலும் ஸ்கேனில் தெரிவது ஒரே விஷயம்தான்: தண்ணீர் குறைவு.

சரி, அந்த 7 எதைச் சொல்கிறது? 1987-ல் அமெரிக்காவில் ஃபீலன் என்ற மகப்பேறு மருத்துவரும் அவரோடு இருந்தவர்களும் கொண்டுவந்த கணக்கு இது. வயிற்றை நான்கு பாகமாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் நீர் அதிக ஆழமாக இருக்கும் இடத்தைச் சென்டிமீட்டரில் அளந்து நான்கையும் கூட்டுகிறார்கள். 5-க்குக் கீழே போனால் குறைவு, 24, 25-க்கு மேல் போனால் அதிகம். 5-க்கும் 8-க்கும் நடுவில் இருப்பதை எல்லைக்கோட்டில் இருப்பதாகச் சொல்வார்கள். உங்கள் தங்கை அங்கேதான் இருக்கிறார். 'தண்ணி வத்திப்போச்சு' என்று வீட்டில் அழ வேண்டிய நிலை இது இல்லை. கவனிக்க வேண்டிய நிலை, அவ்வளவுதான்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். நான்கு இடத்து அளவைக் கூட்டுவதற்குப் பதிலாக, எல்லாவற்றிலும் ஆழமான ஒரே இடத்தை மட்டும் அளக்கும் முறையும் இருக்கிறது. அது 2 சென்டிமீட்டருக்குக் குறையாமல் இருந்தால் போதும். இரண்டு முறைகளையும் ஒப்பிட்ட ஆய்வுகளைத் தொகுத்து 2008-ல் காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு மதிப்பீட்டு அமைப்பு ஒரு முடிவு சொன்னது. கூட்டல் முறையில் பார்த்தால் அதிகப் பெண்களுக்குத் 'தண்ணீர் குறைவு' என்று முத்திரை விழுகிறது, மருந்து கொடுத்துப் பிரசவ வலி வரவைப்பதும் சிசேரியனும் கூடுகின்றன, குழந்தைகளுக்கு அதனால் கூடுதல் நன்மை ஏதும் தெரியவில்லை என்பதுதான் அது. அதனால் அடுத்த ஸ்கேனில் "ஆழமான ஒரு பாக்கெட் எவ்வளவு இருக்கிறது டாக்டர்?" என்று தயங்காமல் கேளுங்கள். ரிப்போர்ட்டிலேயே எழுதியும் இருக்கலாம்.

ஸ்கேன் எடுக்கும் கையைப் பொறுத்தும், குழந்தை அந்த நேரத்தில் படுத்திருக்கும் வாகைப் பொறுத்தும் அளவு ஒன்று ஒன்றரை சென்டிமீட்டர் முன்னே பின்னே வரும். காலையில் ஓர் இடத்தில் 7 என்பார்கள், மாலையில் இன்னோர் இடத்தில் 8.5 வரும். நடுவில் குடித்த சூப்புக்கு அந்தப் பெருமை போய்விடும். 'இதைச் சாப்பிட்டேன், ரெண்டு ஏறிச்சு' என்று ஊரெல்லாம் சுற்றும் கதைகளில் பாதி இப்படிப் பிறந்தவைதான்.

இப்போது தண்ணீருக்கு வருவோம். இதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. 2002-ல் வெளியான காக்ரேன் தொகுப்பு 4 ஆய்வுகளை, 122 பெண்களை எடுத்துப் பார்த்தது. 2 லிட்டர் தண்ணீர் குடிக்க வைத்து மறுபடி ஸ்கேன் செய்தபோது, நீர் குறைவாக இருந்தவர்களுக்குச் சராசரியாக 2 சென்டிமீட்டர் ஏறியிருந்தது. இதில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி ஒன்று உண்டு. ரத்தத்தைவிட அடர்த்தி குறைந்த ட்ரிப்ஸ் ஏற்றியபோதும் நீர் கூடியது. ரத்தத்துக்குச் சமமான அடர்த்தியுள்ள ட்ரிப்ஸ் ஏற்றியபோது குறிப்பிடும்படி எதுவும் மாறவில்லை. ஏன் என்றால், வெறும் தண்ணீர் உள்ளே போகும்போது தாயின் ரத்தம் சற்று நீர்த்துப்போகிறது. நஞ்சுக்கொடி வழியாக நீர் குழந்தையின் பக்கம் நகர்கிறது, குழந்தை அதிகம் பெய்கிறது. "ரெண்டு பாட்டில் ட்ரிப்ஸ் போட்டா ஏறிடும்" என்று கிளினிக் வாசலில் நிற்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: வாந்தி இல்லாமல் வாயால் குடிக்க முடிகிறவருக்கு மண்பானைத் தண்ணீரே அந்த வேலையைச் செய்யும்.

அதே தொகுப்பு ஒரு குறையையும் சொல்லியிருக்கிறது. அளவு ஏறியது சரி, அதனால் குழந்தைகள் நலமாகப் பிறந்தார்களா என்பதை அந்த ஆய்வுகள் அளக்கவில்லை. ஆகவே எண் ஏறியதுமே கவலையை மூட்டை கட்டிவிடக் கூடாது.

எவ்வளவு குடிக்கலாம்? உணவில் வருவதைத் தவிர்த்து நாளுக்கு இரண்டேகால் லிட்டர் அளவுக்குப் பானங்கள் என்பது கர்ப்பிணிக்குப் பொதுவாகச் சொல்லப்படுவது. நம் ஊர் வெயிலில் இரண்டரையிலிருந்து மூன்று லிட்டர் வைத்துக்கொள்ளலாம். ஒரே மூச்சில் வேண்டாம். ஒரு லிட்டர் பாட்டில் ஒன்றைப் பக்கத்தில் வைத்து, காலைச் சாப்பாட்டிலிருந்து மதியத்துக்குள் ஒன்று, மதியத்திலிருந்து விளக்கு வைப்பதற்குள் ஒன்று, மீதி முன்னும் பின்னும் என்று பிரித்துக்கொள்ளுங்கள். சிறுநீர் வைக்கோல் நிறத்தில் வெளுத்துப் போனால் போதிய அளவு குடிக்கிறார் என்று பொருள். பழைய நல்லெண்ணெய் நிறத்தில் போனால் போதவில்லை. ஆனால் இரும்புச்சத்து மாத்திரையோடு பி வைட்டமினும் சேர்ந்து போட்டால் நிறம் மஞ்சளாக மாறும், அதை வைத்துப் பயப்படாதீர்கள். இதய நோய், சிறுநீரக நோய், ரத்தக்கொதிப்பு இருப்பவர்கள் மருத்துவர் சொல்லும் அளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

சில வருடங்களுக்கு முன்பு ஒரு ஜவுளிக்கடைப் பெண் வந்தாள். 33 வாரம், ஏஎஃப்ஐ 6. என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டால் குறை சொல்ல முடியாத சாப்பாடு. காலையில் இட்லி, மதியம் டிபன்பாக்ஸில் சாம்பார் சாதமும் முட்டையும், இரவில் தோசை. பையில் ஒரு அரை லிட்டர் பாட்டில் வைத்திருந்தாள். மாலை ஆறு மணி, அதில் பாதித் தண்ணீர் அப்படியே இருந்தது. "ஏம்மா குடிக்கலை?" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பாத்ரூம் நாலாவது மாடியில மேடம். சூப்பர்வைசர்கிட்ட கேட்டுட்டுத்தான் போகணும். ரெண்டு தடவை கேட்டா மூஞ்சியைக் காட்டுவாங்க" என்றாள். உணவுப் பட்டியல் எழுத எடுத்த தாளை மடித்து வைத்துவிட்டேன். வார்டில் சேர்த்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இரண்டு டம்ளர் என்று செவிலியர் கையால் கொடுத்தோம். மூன்றாம் நாள் 9 வந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது மருத்துவர் எழுதிக்கொடுத்த சீட்டில், அடிக்கடி கழிப்பறை போக அனுமதிக்க வேண்டும் என்று ஒரு வரியும் சேர்த்திருந்தார். நான் பார்த்ததிலேயே நல்ல மருந்துச் சீட்டு அது.

தமிழ்நாட்டில் கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் சட்டத் திருத்தமே வந்தது. உட்காருவதற்கே சட்டம் வேண்டியிருந்த இடங்களில் கழிப்பறைக்கும் தண்ணீருக்கும் என்ன நிலை என்று நினைத்துப் பாருங்கள். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைக் கவனித்து 2024-ல் வெளியிட்ட ஆய்வில், வேலை செய்யும் இடத்தில் கடும் வெப்பத்துக்கு ஆளானவர்களுக்குக் கரு இழக்கும் அபாயம் இரண்டு மடங்காக இருந்தது. செங்கல் சூளை, உப்பளம், வயல், தகரக் கூரை போட்ட பட்டறை, இங்கெல்லாம் வேலைக்குப் போகும் பெண்ணிடம் 'சத்தாகச் சாப்பிடு' என்று சொல்லி அனுப்புவது பாதிப் பேச்சுதான். உங்கள் தங்கை வேலைக்குப் போகிறாரா, அங்கே எத்தனை முறை தண்ணீர் குடிக்கிறார், குடிக்காததற்குக் காரணம் என்ன என்று முதலில் கேட்டுப் பாருங்கள். ஆசிரியைகள், பேருந்தில் தினம் இரண்டு மணி நேரம் போய்வருபவர்கள், வெளியே கழிப்பறை இருக்கும் வீட்டில் இரவு எழுந்து போகப் பயந்து ஏழு மணிக்கே தண்ணீரை நிறுத்திவிடுபவர்கள், இப்படிப் பலர் வாயைத் திறந்து சொல்ல மாட்டார்கள்.

வீட்டுப் பழக்கம் ஒன்றும் இருக்கிறது. ஏழாம் மாதத்துக்கு மேல் கால் வீங்கினால் "நீர் கோத்திருக்கு, தண்ணியைக் குறை" என்பார்கள். சிலர் நெருஞ்சில் கஷாயம் வைத்துக் கொடுத்து நீரைப் பிரித்து வெளியேற்றப் பார்ப்பார்கள். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். கால் வீக்கம் பெரும்பாலும் நிறைமாத வயிறு கீழே ரத்தக் குழாய்களை அழுத்துவதால் வருவது. தண்ணீரைக் குறைத்தால் வீக்கம் வடியாது, ரத்தம்தான் சுண்டும். அதே நேரம் முகமும் கையும் வீங்குகிறது, மோதிரம் கழற்ற வரவில்லை, தலைவலி, கண்ணில் மின்னல் அடிப்பது போல் இருக்கிறது என்றால் அது கர்ப்பகால ரத்தக்கொதிப்பாக இருக்கலாம். அந்த ரத்தக்கொதிப்பே நஞ்சுக்கொடிக்கு ரத்தம் குறையவும் பனிக்குட நீர் குறையவும் ஒரு பெரிய காரணம். கஷாயம் வைத்துப் பார்க்க அங்கே நேரமில்லை. அன்றே பிரஷர் பார்த்து, சிறுநீரில் புரதம் போகிறதா என்று சோதிக்க வேண்டும்.

இனி தட்டுக்கு வருகிறேன். இளநீரில் 95 பங்கு தண்ணீர், கொஞ்சம் பொட்டாசியம், கொஞ்சம் சர்க்கரை. நல்ல பானம். ஆனால் பனிக்குட நீரை ஏற்றும் தனிச் சக்தி எதுவும் அதற்கு இல்லை, அதில் இருக்கும் தண்ணீர்தான் அதன் பலன். தினம் ஒன்று போதும். மூன்று வாங்கும் காசில் ஒன்றை இளநீராகவும் மீதியை முட்டையாகவும் மாற்றினால் குழந்தைக்குக் கூடுதல் லாபம். நீர்மோர், ரசம், வெள்ளரிக்காய், சுரைக்காய், பூசணிக்காய்க் கூட்டு, தர்பூசணி எல்லாமே நீர் சேர்க்கும் வழிகள்தான். பழைய சோற்று நீராகாரம் சுத்தமான தண்ணீரில் ஊறியதாக இருந்தால் அதுவும் நல்லதே. பார்லியை நீர் பிரிய என்று கொடுப்பார்கள், அதையே பனிக்குட நீர் ஏற என்றும் கொடுப்பார்கள். ஒரு டம்ளர் பார்லிக் கஞ்சியில் கெடுதல் இல்லை, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்த பலன் கிடைக்கும்.

நான் எச்சரிப்பது ஜூஸைத்தான். சாத்துக்குடி ஜூஸில் சர்க்கரை, கேழ்வரகுக் கூழில் வெல்லம், நடுவில் குளுக்கோஸ் பவுடர் என்று நாள் முழுக்கப் போனால் ரத்தச் சர்க்கரை எகிறும். கர்ப்பகாலச் சர்க்கரை நம் பெண்களுக்குச் சாதாரணமாக வருவது. தாயின் சர்க்கரை கட்டுப்படாமல் ஏறினால் குழந்தையும் அதிகமாகச் சிறுநீர் பெய்து பனிக்குட நீர் அளவுக்கு மீறிக் கூடவும் செய்யும். அப்படி ஏறிய நீரைப் பார்த்துச் சந்தோஷப்பட ஒன்றுமில்லை. ஆக, பழத்தைப் பழமாகக் கடித்துச் சாப்பிடட்டும். தாகத்துக்குத் தண்ணீர்.

உணவு பனிக்குடத்தை நிரப்பாது என்றால் எதற்குச் சத்து? கர்ப்ப காலத்தில் தாயின் ரத்தம் கிட்டத்தட்ட பாதி மடங்கு கூடுகிறது. ஒரு லிட்டருக்கு மேல் புதிதாக உருவாக வேண்டும். அந்த ரத்தம் சரியாகப் பெருகாவிட்டால் நஞ்சுக்கொடிக்குப் போவது குறைகிறது, குழந்தை மெலிகிறது. மெலியும் குழந்தை கிடைக்கும் ரத்தத்தை மூளைக்கும் இதயத்துக்கும் ஒதுக்கிவிட்டுச் சிறுநீரகத்துக்குக் குறைத்துக்கொள்கிறது, பெய்வது குறைகிறது. உணவுக்கும் பனிக்குட நீருக்கும் இருக்கும் தொடர்பு இப்படிச் சுற்றிக்கொண்டு வருவது. மாதக்கணக்கில் வேலை செய்வது. பத்து நாளில் எண்ணை மாற்றுவதற்காகச் சாப்பிடுவது அல்ல.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-ல் கொடுத்த கணக்குப்படி, கர்ப்பிணிக்கு வழக்கத்தைவிட நாளுக்கு 350 கலோரி கூடுதலாக வேண்டும். புரதம் நடு மூன்று மாதத்தில் 9.5 கிராமும் கடைசி மூன்று மாதத்தில் 22 கிராமும் கூட வேண்டும். சாதாரணமாக 46 கிராம் என்றால் உங்கள் தங்கைக்கு இப்போது சுமார் 68. நம் வீட்டில் விழும் ஓட்டை இங்கேதான். குவியலாகச் சோறு, குழம்பில் பருப்பு மிதக்கிறதா என்று தேட வேண்டும். காலையில் இரண்டு முட்டை வைத்தால் 12 கிராம் வந்துவிடும். மதியம் ஒரு கிண்ணம் கெட்டிப் பருப்பில் ஏழெட்டு. சங்கராவோ மத்தியோ ஒரு துண்டு நூறு கிராம் அளவில் இருந்தால் 20. மாலையில் கொண்டைக்கடலைச் சுண்டலோ ஒரு கைப்பிடி வேர்க்கடலையோ ஏழு. இரவு படுக்கும்முன் ஒரு டம்ளர் பால் ஆறேழு. மீதி இட்லி, தோசை, சோற்றிலிருந்தே வந்து சேரும். முட்டை, மீன் சாப்பிடாத வீடாக இருந்தால் பருப்பை இரண்டு வேளையாக்கி, தயிரும் பனீரும் சோயாவும் சேருங்கள். பக்கத்து வீட்டு அக்கா சொன்ன பவுடர் வாங்கக் கூடாது என்பதில்லை. ஆனால் டப்பாவின் பின்பக்கத்தைத் திருப்பிச் சர்க்கரை எவ்வளவு என்று பாருங்கள். பல பவுடர்களில் புரதத்துக்குக் கொடுக்கும் காசு பெரும்பாலும் சர்க்கரைக்கும் வாசனைக்கும்தான் போகிறது.

ரத்த சோகையை விட்டுவிடாதீர்கள். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் இந்தியக் கர்ப்பிணிகளில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு, 52.2 சதவீதம் பேருக்கு, ரத்த சோகை இருந்தது. மாமியார் வைக்கும் முருங்கைக்கீரை இந்த இடத்தில் அருமையான உதவி. கூடவே எலுமிச்சையோ நெல்லிக்காயோ இருந்தால் இரும்புச்சத்து நன்றாகச் சேரும். சாப்பிட்ட உடனே டீ குடிப்பதை மட்டும் ஒரு மணி நேரம் தள்ளிவைக்கச் சொல்லுங்கள். ஆனால் கீரை மாத்திரைக்கு ஈடாகாது, மாத்திரை தொடர வேண்டும். அரசு சுகாதார நிலையத்தில் பதிந்திருந்தால் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் கொடுக்கும் ஊட்டச்சத்துப் பெட்டகத்தை வாங்கி அவரே சாப்பிடட்டும். வீட்டில் எல்லோரும் பங்கு போட்டுத் தீர்த்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

தண்ணீர்கூடக் குடிக்காமல் இருக்கும் விரதம் இப்போது வேண்டாம். படுக்கும்போது இடது பக்கம் சாய்ந்து படுக்கட்டும். மல்லாந்து படுத்தால் கர்ப்பப்பை பெரிய ரத்தக்குழாயை அழுத்தும். அதற்காக நாள் முழுக்கப் படுக்கையிலேயே கிடக்கவும் வேண்டாம், கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையக்கூடும்.

மாத்திரைகளைப் பற்றி ஒரு முக்கியமான விஷயம். இடுப்பு வலிக்கு, பல் வலிக்கு என்று மெடிக்கலில் வாங்கிப் போடும் டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் போன்றவை குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைக்கக்கூடியவை. 20 வாரத்துக்கு மேல் இவற்றைத் தவிர்க்க வேண்டும் என்று அமெரிக்க மருந்து ஆணையம் 2020-ல் எச்சரித்தது. கர்ப்பத்துக்கு முன்பிருந்தே பிரஷருக்கு எனாலாப்ரில், ராமிப்ரில், லோசார்டன், டெல்மிசார்டன் மாதிரி மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தால் அதையும் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அவை கர்ப்பத்தில் கூடாதவை, மாற்று மாத்திரைகள் இருக்கின்றன. ஆனால் ரத்தக்கொதிப்பு வராமலிருக்க மருத்துவரே எழுதிக்கொடுத்த குறைந்த அளவு ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அது வேறு கணக்கு. 'எனக்கு இதைக் கொடுத்தாங்க, ஏறிடுச்சு' என்று இன்னொருவர் சீட்டைப் பார்த்து, ரத்த ஓட்டத்தைக் கூட்டும் என்று கொடுக்கப்படும் ஆர்ஜினின் பாக்கெட்டோ சில்டெனாஃபில் மாத்திரையோ வாங்கவும் வேண்டாம். வளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்காகத் தாய்மார்களுக்குச் சில்டெனாஃபில் கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்றை நெதர்லாந்தில் 2018-ல் பாதியிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. பிறந்த குழந்தைகளில் சிலருக்கு நுரையீரல் பாதிப்பு வந்து உயிர்கள் போயின.

இப்போது நான் மறக்க முடியாத ஒன்று. 31 வாரத்தில் ஒரு பெண், ஏஎஃப்ஐ 6 என்று தனியார் ஸ்கேன் ரிப்போர்ட்டோடு வந்தாள். எட்டு நாளாக வீட்டில் இளநீரும் தர்பூசணியும் கொடுத்திருக்கிறார்கள். மறு ஸ்கேனில் 3. என்னிடம் உணவுப் பட்டியல் கேட்டு அனுப்பினார்கள். அவள் எழுந்து நின்றபோது பின்பக்கம் சேலையில் கையகல ஈரம். "உட்கார்ந்த இடத்துல தண்ணி இருந்துச்சா?" என்று கேட்டேன். "இல்லக்கா, வெள்ளைப்படுது. ஒரு வாரமா பாவாடை நனையுது. வயித்துல புள்ளை அழுத்துறதால மூத்திரம் கசியும்னு அத்தை சொன்னாங்க" என்றாள். பனிக்குடத்தில் எங்கோ சிறிய கிழிசல். எட்டு நாளாக நீர் கசிந்துகொண்டே இருந்திருக்கிறது, குடித்ததெல்லாம் ஓட்டைப் பானையில் ஊற்றியது போல. அதற்குள் கிருமித்தொற்றும் தொடங்கியிருந்தது. குழந்தை அன்றிரவே பிறந்து ஐந்து வாரம் இன்குபேட்டரில் இருந்தது. பிழைத்துக்கொண்டது. அந்த எட்டு நாளில் ஸ்கேன் எடுத்தவரோ, மருத்துவரோ, வீட்டாரோ ஒருவர்கூட "உள்ளாடை நனைகிறதா?" என்ற ஒரே ஒரு கேள்வியைக் கேட்டிருக்கவில்லை. அன்றிலிருந்து யார் வந்தாலும் சாப்பாட்டுக்கு முன்னால் அதைத்தான் கேட்கிறேன்.

நீங்களும் உங்கள் தங்கையிடம் இன்றே கேளுங்கள். அண்ணனிடம் சொல்லக் கூச்சப்பட்டால் அம்மாவோ மனைவியோ கேட்கட்டும். சந்தேகம் இருந்தால் சிறுநீர் கழித்துவிட்டு, சுத்தமான வெள்ளைத் துணியையோ பேடையோ வைத்து ஒரு மணி நேரம் படுத்திருக்கட்டும். எழுந்து நின்று இருமும்போது துணி தண்ணீராய் நனைந்தால், சிறுநீர் வாடை இல்லாமல் இருந்தால், நேராக மருத்துவமனைக்குப் போங்கள். துணி நனையவில்லை, ஆனாலும் மனதில் உறுத்தல் இருக்கிறது என்றாலும் போங்கள். அங்கே சின்னக் கருவி வைத்துப் பார்த்து உறுதிசெய்துவிடுவார்கள்.

அடுத்த ஸ்கேனில் குழந்தையின் எடை வாரத்துக்குத் தக்கபடி இருக்கிறதா, சிறுநீரகமும் மூத்திரப்பையும் நன்றாகத் தெரிகின்றனவா, டாப்ளரில் ரத்த ஓட்டம் எப்படி என்று கேளுங்கள். இவை நன்றாக இருந்து, பிரஷரும் சரியாக இருந்து, கசிவும் இல்லை என்றால், 7 என்ற எண்ணோடு நிம்மதியாக வாரங்களை ஓட்டலாம். 37 வாரம் நெருங்கும்போது நீர் நிஜமாகவே குறைந்திருந்து, பிரசவம் பார்த்துவிடலாம் என்று மருத்துவர் சொன்னால், 'இன்னும் நாலு நாள் இளநீர் குடிச்சுப் பார்க்கிறோம்' என்று தள்ளிப் போடாதீர்கள். நிறைமாதம் நெருங்க நெருங்க நீர் குறைவது இயல்பு, 34, 36 வாரத்தில் உச்சத்தில் இருப்பது பிறகு இறங்கத்தான் செய்யும். அதோடு மல்லுக்கட்டுவதில் பயனில்லை.

அதுவரை தினமும் செய்ய வேண்டியது ஒன்று. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு இடது பக்கம் சாய்ந்து படுத்து, வயிற்றில் கையை வைத்து அசைவை எண்ணச் சொல்லுங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் பத்து அசைவு வர வேண்டும். பெரும்பாலும் அரை மணியிலேயே வந்துவிடும். வரவில்லை, அல்லது வழக்கமான ஆட்டம் குறைந்துவிட்டது என்று அவருக்கே தோன்றினால், இனிப்புக் கொடுத்துப் பார்ப்போம், விடிந்ததும் போவோம் என்று உட்கார்ந்திருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிட்டு அந்த நேரமே கிளம்புங்கள். ஸ்கேன் ரிப்போர்ட்டுகள், தாய் சேய் நல அட்டை, போட்டுக்கொண்டிருக்கும் மாத்திரைப் பட்டைகள் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு இன்றிரவே கதவுக்குப் பக்கத்தில் மாட்டி வையுங்கள்.